கரிசல் மண்ணுக்கு அடையாளம் கறுப்பு இல்ல, வெடிப்பு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் மெயில் போட்டிருந்தார். "ஊருக்கு வெளிய ஒரு சைட்டு பார்த்து வச்சிருக்கேன். மண்ணு கறுப்பா இருக்கு. கரிசல்ல வீடு கட்டினா சுவர் விரிசல் விடும்னு வீட்ல பயப்படுறாங்க. வாங்கலாமா, வேண்டாமா?"

வாங்குங்க, வேண்டாம்னு இங்க உட்கார்ந்துக்கிட்டு நான் சொல்ல முடியாது. ஆனா ஒரு மண்ணு உண்மையிலேயே கரிசல்தானான்னு எப்படி முடிவு பண்றாங்கங்கறதைச் சொல்ல முடியும். அது புரிஞ்சா, என்ன கேட்கணும், யாரைக் கேட்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

கறுப்பா இருந்தா கரிசலா?

முதல்ல நிறம். உக்ரைன்ல இருக்கிற செர்னோசெம்னு ஒரு மண்ணும் நல்ல கறுப்பு. அந்தப் பேருக்கே ரஷ்ய மொழியில கறுப்பு மண்ணுன்னுதான் அர்த்தம். அங்க பல ஆயிரம் வருஷமா புல்லோட வேர் மக்கி மக்கி மண்ணுல சேர்ந்திருக்கு. அந்த மக்குதான் அதுக்குக் கறுப்பைக் கொடுத்தது.

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் பக்கம் இருக்கிற நம்ம கரிசல் அப்படி இல்ல. அதுல கரிம கார்பன் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழதான். இருக்கிற கொஞ்ச மக்கு களித் துகளோட இறுக்கமா ஒட்டிக்கிறதால மண்ணு முழுக்க கறுப்பாத் தெரியுது. அதனாலதான் பார்க்க வளமா இருந்தாலும் கரிசல்ல தழைச்சத்து குறைவா இருக்கும்.

ரெண்டும் கறுப்பு, ஆனா வகைப்பாட்டுல ரெண்டும் வேற வேற குடும்பம். செர்னோசெம் மோலிசோல், கரிசல் வெர்டிசோல். மண்ணியல்காரங்க நிறத்தைக் குறிச்சுக்காம விடமாட்டாங்க. மன்செல்னு ஒரு நிற அட்டைப் புத்தகம் வச்சிருப்பாங்க, ஒரு மண்கட்டியை அதுல இருக்கிற அட்டையோட ஒப்பிட்டு எண் போடுவாங்க. ஆனா நிறத்தை மட்டும் வச்சு இது வெர்டிசோல்னு தீர்ப்புச் சொல்லமாட்டாங்க.

மேட்டுல செவல், பள்ளத்துல கரிசல்

எரிமலைக் குழம்பு இறுகின பசால்ட் பாறையில இருந்துதான் கரிசல் வந்துச்சுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். மகாராஷ்டிராவுக்கு அது சரி. ஆனா கோவில்பட்டிக்குக் கீழ பசால்ட் கிடையாது, அங்க இருக்கிறது நைஸ் பாறை. அப்போ பாறை மட்டும் காரணம் இல்ல.

பஸ்ல அந்தப் பக்கம் போனா ஜன்னல் வழியா கவனிச்சுப் பாருங்க. கொஞ்சம் மேடான இடத்துல செவக்காடு, இறங்கி வந்தா கரிசக்காடு. சில இடத்துல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலயே இருக்கும். மேட்டுல பெய்யிற மழை பாறையில இருக்கிற கால்சியம், மக்னீசியம், சிலிக்கா எல்லாத்தையும் கரைச்சுக் கீழ கொண்டு வரும். கீழ நிலம் தட்டையா இருக்கு, தண்ணி சீக்கிரம் வடியாது. மழையும் குறைவு, வெயில் அதிகம். அதனால வந்த உப்புகள் கடலுக்குப் போகாம அங்கயே தங்கிடும். அந்தச் சூழல்ல ஸ்மெக்டைட்னு ஒரு வகைக் களி உருவாகும். கரிசலைத் தோண்டினா வெள்ளை வெள்ளையா சுண்ணாம்புக் கட்டி வருதே, அதுவும் இப்படித் தங்கினதுதான். அதுமேல நீர்த்த அமிலம் ரெண்டு சொட்டு விட்டா சோடா மாதிரி பொங்கும்.

ஆக, ஒரு மண்ணை வகைப்படுத்தும்போது அது எங்க உட்கார்ந்திருக்குங்கறதையும் சேர்த்துப் படிக்கணும். மேடா, சரிவா, பள்ளமா, பக்கத்துல ஓடை இருக்கான்னு எல்லாம் பார்க்கணும்.

ஒரு கிராமுக்குள்ள மூணு கிரவுண்டு

இப்போ அந்தக் களியைப் பார்ப்போம். களின்னா 0.002 மில்லிமீட்டரை விடச் சின்ன துகள். ஸ்மெக்டைட் களி ஒரு புத்தகம் மாதிரி, அடுக்கடுக்கா மெல்லிசான தாள்கள். தாளுக்கும் தாளுக்கும் நடுவுல பிடிப்பு ரொம்ப லேசு. தண்ணி வந்தா நேரா அந்த இடுக்குக்குள்ள போய் உட்கார்ந்துக்கும், புத்தகம் உப்பிடும். காய்ஞ்சா பழையபடி சுருங்கிடும்.

ஒரு கிராம் சுத்தமான ஸ்மெக்டைட்டோட எல்லாத் தாள்களையும் பிரிச்சு விரிச்சா சுமார் 700 சதுர மீட்டர் வரும். நம்ம கணக்குல மூணு கிரவுண்டு! செவல்ல அதிகமா இருக்கிற கயோலினைட் களியில அந்தத் தாள்கள் கெட்டியா ஒட்டியிருக்கும், தண்ணி உள்ள போக முடியாது. அதனால அது பெருசா உப்பாது.

குழிக்குள்ள என்ன தேடுறாங்க?

மண் ஆய்வுக்காரங்க ஒன்றரை, ரெண்டு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதோட சுவரைப் படிப்பாங்க. சர்வதேச அளவுல அதிகமாப் பயன்படுற அமெரிக்க மண் வகைப்பாட்டுல மொத்தம் 12 பெரிய பிரிவுகள். அதுல வெர்டிசோல்னு பேர் வாங்கணும்னா மூணு விஷயம் தேறணும்.

ஒண்ணு, மேல இருந்து அரை மீட்டர் ஆழம் வரைக்கும் குறைஞ்சது 30 சதவீதம் களி இருக்கணும்.

ரெண்டு, காய்ஞ்சா வெடிச்சு, நனைஞ்சா மூடி, திரும்பத் திரும்ப இது நடக்கணும். சித்திரை, வைகாசியில கரிசக்காடு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். சில வெடிப்பு ஒரு மீட்டர் ஆழம்கூடப் போகும்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மேல இருந்து ஒரு மீட்டருக்குள்ள எங்கயாவது, குறைஞ்சது 25 சென்டிமீட்டர் கனத்துக்கு, மண்கட்டிகள் ஆப்பு வடிவத்துல இருக்கணும், இல்லேன்னா சாய்வான, மெழுகு தேய்ச்ச மாதிரி பளபளன்னு வழுக்குப் பரப்பு தெரியணும். அது எப்படி வருது? மழையில கீழ் மண்ணு உப்பும்போது பக்கத்துல இடம் இல்ல. ஒரு பாளம் இன்னொரு பாளத்துமேல உரசி, சாய்வா மேல நகரும். அப்படி வருஷக்கணக்கா உரசி உரசி வந்த பளபளப்புதான் அது. வெர்டிசோல்ங்கற பேரும் லத்தீன்ல புரட்டுறதுங்கற சொல்லுல இருந்து வந்ததுதான்.

இந்த மூணுல ஒண்ணு குறைஞ்சாலும், எவ்வளவு கறுப்பா இருந்தாலும் அது வெர்டிசோல் இல்ல. நம்ம ஊர்ல கரிசல்னு சொல்ற எத்தனையோ நிலம் இப்படிப் பக்கத்துல வந்து நின்னு, இன்செப்டிசோல்ங்கற வேற பிரிவுக்குப் போயிருக்கு. அதனால வகைப்பாட்டுப் பேரு மண்ணோட அழகுக்குக் கொடுக்கிற பேரு இல்ல, அது எப்படி நடந்துக்கும்ங்கறதைச் சொல்ற பேரு.

விவசாயிக்கு அது ஏன் முக்கியம்?

கரிசல்ல உழவுக்குப் பதம் ரொம்பக் கொஞ்ச நாள்தான். காய்ஞ்சா இரும்பு, நனைஞ்சா கால்ல அப்பிக்கிட்டு விடாது. வடகிழக்குப் பருவமழை பிடிச்சிடுச்சுன்னா காட்டுக்குள்ள இறங்கவே முடியாது. அதனாலதான் அங்க மானாவாரியில மழைக்கு முன்னாடியே காஞ்ச மண்ணுல விதைக்கிற முன்பருவ விதைப்பு இருக்கு. விதை உள்ள காத்துக்கிட்டு இருக்கும், நல்ல மழை விழுந்ததும் முளைக்கும்.

அப்புறம் மழை நின்னாலும் உப்பின களி பிடிச்சு வச்ச ஈரத்துலயே பருத்தி, உளுந்து, மல்லி எல்லாம் விளைஞ்சிடும். வீட்டுச் சுவரைப் பிளக்கிற அதே குணம்தான் அங்க மழையில்லாத நாள்ல பயிரைக் காப்பாத்துது.

இப்போ சைட்டுக்கு வருவோம்

வீட்டுக்கு ஆபத்து மண்ணு உப்புறதால மட்டும் வர்றது இல்ல. ஒரு பக்கம் உப்பி, இன்னொரு பக்கம் உப்பாம இருக்கும்போதுதான் வரும். வீட்டோட நடுவுல மண்ணு ஈரமாவே இருக்கும். ஓரத்துல வெயில் பட்டுக் காயும், மழையில நனையும். அஸ்திவாரம் ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இறங்கும். ஜன்னல் மூலையில இருந்து சாய்வா விரிசல் கிளம்பும். கனமான கட்டடத்தைவிட காம்பவுண்டு சுவர், ஒத்த மாடி வீடு மாதிரி லேசான கட்டடத்துக்குத்தான் சேதம் அதிகம், ஏன்னா மண்ணோட உந்துதலை அமுக்கிப் பிடிக்கிற எடை அதுக்கு இல்ல.

இதை அளக்க ஒரு எளிமையான சோதனை இருக்கு. சலிச்ச காய்ஞ்ச மண்ணு பத்து கிராம் ஒரு அளவுக் குடுவையில, இன்னொரு பத்து கிராம் இன்னொண்ணுல. ஒண்ணுல தண்ணி, இன்னொண்ணுல மண்ணெண்ணெய் ஊத்தி 24 மணி நேரம் விடுவாங்க. மண்ணெண்ணெய்ல களி உப்பாது. தண்ணியில இருக்கிறது எவ்வளவு கூடியிருக்குன்னு சதவீதத்துல பார்ப்பாங்க. இந்திய தர அளவுப்படி 50-க்குக் கீழ இருந்தா உப்புற குணம் குறைவு, 50-ல இருந்து 100 நடுத்தரம், 100-க்கு மேல அதிகம், 200-ஐத் தாண்டினா மிக அதிகம்.

அதிகமா வந்தாலும் வழி இருக்கு. ரூர்க்கியில இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்குன்னே உருவாக்கின முறை, அடியில குமிழ் மாதிரி விரிஞ்ச கான்கிரீட் தூண். வெயிலும் மழையும் எட்டாத, ஈரம் மாறாத ஆழத்துல அந்தக் குமிழ் பிடிச்சுக்கும். ஆழமான கரிசல்ல சுமார் மூன்றரை மீட்டர் வரை இறக்குவாங்க. செலவு கூடும், ஆனா அது விலை பேசும்போதே தெரிஞ்சிருக்க வேண்டிய செலவு.

அதனால மெயில் போட்டவருக்கு நான் சொல்றது இதுதான். மழைக்கு அப்புறம் மட்டும் போய்ப் பார்க்காதீங்க, அப்போ எல்லா வெடிப்பும் மூடியிருக்கும். ஏப்ரல், மே மாசத்துல ஒரு தடவை போங்க. தரையைப் பாருங்க, பக்கத்து வீட்டு ஜன்னல் மூலையைப் பாருங்க, நிலம் மேடா பள்ளமான்னு பாருங்க. மேல செம்மண் கொட்டி நிரவியிருந்தா அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு தோண்டிப் பார்க்கச் சொல்லுங்க. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அஸ்திவார ஆழத்து மண்ணை எடுத்து உப்புற சோதனை பண்ணிடுங்க. ரிப்போர்ட் கையில இருந்தா, எவ்வளவு செலவாகும்னு இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுத்துடுவார். அதைச் சேர்த்துப் பார்த்துக் கட்டுப்படியானா தாராளமா வாங்குங்க.

அடுத்த எபிசோடுல தேரி, அந்தச் செக்கச் சிவப்பு மணல் மேடுகள். அதுவரைக்கும் காலுக்குக் கீழயும் கொஞ்சம் பார்த்து நடங்க. வரேன்.