மருத்துவப் பணியாளரின் சோர்வு

பெங்களூரிலுள்ள 'நிம்ஹான்ஸ்' நிலையம், பழைய மனநோய் மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிலையமும் இணைந்து 1974-ஆம் ஆண்டில் உருவானதாகும். 2020-இல் கொரோனா பரவியபொழுது இந்நிலையம் வெளியிட்ட வழிகாட்டி நூல், நோயாளரை மட்டுமன்றி, சிகிச்சை செய்வோரின் மனநிலையையும் கருத்திற் கொண்டது. வீட்டாருக்குத் தொற்றுமோ என்னும் அச்சம், உறக்கமின்மை, கண்ணெதிரே நிகழ்ந்த மரணங்கள் ஆகியவை டாக்டர்களையும் தாதியரையும் வாட்டின.

இச்சோர்வு கோழைத்தனமன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் இதனை நோயாகக் கொள்ளாது, பணியிடத்தில் நீண்டகாலம் தணியாதிருக்கும் நெருக்கடியின் விளைவாக வகுத்தது. களைப்பு, தொழிலில் பற்றின்மை, திறமை குன்றுதல் ஆகிய மூன்றும் இதன் கூறுகள். ஆகவே, பரிகாரத்தையும் பணியிடத்திலேயே தேட வேண்டும். சோர்ந்தவருக்கு மூச்சுப் பயிற்சியைக் கற்பித்துவிட்டு, மறுபடியும் இரவுப் பணிக்கு அனுப்புவது தகாது. உள்ளுறை டாக்டர்களின் தொடர்பணி சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தையும், வாரத்திற்கு 48 மணி நேரத்தையும் மீறலாகாதென மத்திய அரசு 1992-லேயே உத்தரவிட்டது. எனினும் 36 மணி நேரப் பணி இன்றும் அரிதன்று. பணிப்பட்டியல் தயாரிப்போர் அவ்வுத்தரவை இன்னும் படிக்கவில்லை போலும்!

சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சில காரியங்கள் கைகூடும். இரவுப் பணி முடித்தவரைக் காலையிலும் நிறுத்தி வைக்காதிருக்கலாம். மரணம் நேர்ந்த நாளில் டாக்டர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை யாவரும், ஒருவர்மீதொருவர் குறை கூறாது, சிறிது நேரம் அமர்ந்து பேசலாம். 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவைக்கு நிம்ஹான்ஸே தலைமை நிலையம். 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். நோயாளருக்கு இவ்வெண்ணை எழுதிக் கொடுக்கும் தாதியரும் பேசலாம்.