குடியை விட விரும்புவோருக்குக் கூட்டுத் துணை

சம்பா அறுவடை முடிந்து, களத்தில் நெல் அளந்து, கூலி கைக்கு வரும் நாட்களில் நன்னிலம் பகுதியில் சில வீடுகளில் மகிழ்ச்சிக்குப் பதிலாக அச்சமே குடிபுகுகின்றது. இதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நன்கு அறிவர். 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-க்குள் மாகாணம் முழுவதும் பரவியதும், 1971-ல் தளர்த்தப்பட்டதும் சட்டத்தின் கதை. அதனை இங்கு விவாதிக்கப் போவதில்லை. குடியை விட விரும்பும் ஒருவர் எங்கே போவது, யாரிடம் பேசுவது என்பதே நாம் கூற வந்த செய்தி.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. குடவாசலை அடுத்த மஞ்சக்குடியில், அது பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்த காலத்தில், 1989-ல் சென்னை டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் குடிநோயாளிகளுக்கென முகாம் நடத்தினர். அந்நிலையத்தை 1980-ல் நிறுவியவர் சாந்தி ரங்கநாதன் அம்மையார். பட்டணத்து மருத்துவமனைக்குச் சென்று பல நாள் தங்க இயலாத விவசாயத் தொழிலாளிக்குச் சிகிச்சை அவர் ஊருக்கே வரவேண்டும் என்பது அம்முகாமின் கருத்து. ஏறத்தாழ இரு வாரம் மருந்தும் ஆலோசனையும் தந்து, குடும்பத்தாரையும் உடன் வைத்து, பிறகும் தொடர்ந்து கவனிக்கும் முறை அது. முகாம் முடிந்ததும் குடித்தவரைத் தனியே விட்டுவிடலாகாது என்பதே நாம் அதிலிருந்து கற்கவேண்டிய பாடம்.

தனியே விடாதிருக்க ஏற்பட்டதே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டுறவு. 1935-ல் அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில், குடிக்கு அடிமையாகியிருந்த ஒரு பங்கு வியாபாரியும் ஒரு அறுவை மருத்துவரும் ஒருவருக்கொருவர் தம் கதையைச் சொல்லிக்கொண்டதில் அது பிறந்தது. சந்தா இல்லை, பதிவேடு இல்லை, ஜாதி மத வேற்றுமை இல்லை. குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. கூட்டத்தில் முழுப்பெயர் கூறவேண்டியதில்லை. கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது கட்டுப்பாடு. ஆயுள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்குவதில்லை. இன்று ஒருநாள் குடியாதிருப்போம் என்பதே அவர்கள் வழக்கம். கோயில் முன் கற்பூரம் அடித்துச் செய்த சத்தியங்கள் கதிர் அறுக்கும் முன்பே முறிந்ததைப் பார்த்திருக்கும் நமக்கு இது விவேகமாகவே தோன்றுகிறது. இம்முறையைப் பற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான காக்ரேன் அறிக்கை, குடியை அறவே விட்டிருப்பதில் இது மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று என்று காட்டியது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் நாலைந்து நாட்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு, சித்தப் பிரமை ஆகியவை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே கூட்டத்திற்கு முன் வைத்தியரிடம் செல்க. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் பொடிகளை மனைவிமார் வாங்கவே வேண்டாம். அவற்றுள் எது இருக்கிறதென்று வாங்கியவருக்குத் தெரியாது. குடியை வெறுக்கச் செய்யும் மருந்தை அறியாமல் உண்டவர் அதன்மேல் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கிச் சாகவும் கூடும்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை மருத்துவமனை ஆலோசகரிடம் கேட்கலாம். மத்திய அரசின் 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் விசாரிக்கலாம். இடம், கிழமை, நேரம் மாறக்கூடியவையாதலின் புறப்படுமுன் உறுதி செய்துகொள்வது நலம். அயலார் கண்ணுக்குக் கூசுகிறவர் உள்ளூரை விட்டு வேறு ஊர்க் கூட்டத்திற்கே போகட்டும். நன்னிலத்திலிருந்து திருவாரூருக்கும் மயிலாடுதுறைக்கும் ரயில் உண்டு. இரவுக் கூட்டமாயின் திரும்பும் வண்டியை முன்பே பார்த்துக்கொள்க. முதல் நாள் வாய் திறவாமல் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டு வந்தாலும் போதும். ஒருமுறை போய்ப் பிடிக்கவில்லையென்று நின்றுவிடாமல், நாலைந்து தடவையாவது சென்று பார்க்கவேண்டும். குடும்பத்தாருக்கென்று 1951-ல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் தனியே உண்டு. கணவர் வர மறுத்தாலும் மனைவி அங்கே போகலாம்.

பஞ்சாயத்தார் செய்யக்கூடியது செலவில்லாதது. வாரத்தில் ஒரு மாலை கட்டடத்தில் ஓர் அறையைத் திறந்துவிட்டு, விளக்கைப் போட்டுவிட்டு, தாம் வெளியே வந்துவிடவேண்டும். தலைவர் உள்ளே அமர்ந்தால் பேச்சு நின்றுபோகும். கிராம சபையில் குடிப்பவர் பெயரை வாசிப்பதோ, அபராதம் விதிப்பதோ, மரத்தில் கட்டுவதோ நோயை மறைக்கச் செய்யுமேயன்றி மாற்றாது. நடவு, அறுப்பு வேலைக்கு ஆள் வைக்கும் மிராசுதார்கள் கூலியின் ஒரு பகுதியாகச் சாராயம் வாங்கித் தரும் பழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால் அதை உடனே நிறுத்தவேண்டும். ஆறு மாதம் குடியாதிருந்தவர் ஒரு திருவிழாவில் மீண்டும் குடித்துவிட்டால், மறுநாள் அவரைத் தெருவில் கேலி செய்யாமல், அந்த வாரக் கூட்டத்திற்கு அழைத்துப் போக ஒருவர் சைக்கிளுடன் அவர் வாசலில் நிற்கட்டும்.