‘மகளே’ என்றழைக்கும் ஆசிரியை

அமெரிக்காவில் வாழும் ஸ்பானிய மொழிக் குடும்பங்களில் ‘எதுகசியோன்’ என்றொரு சொல் வழங்குகிறது. ஆங்கிலத்தின் ‘எஜுகேஷ’னும் இதுவும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்தவை, பொருள்தான் வேறு. பெரியோரை மதித்தல், சிறியோரிடம் பரிவு, வீட்டுக்கான கடமை ஆகியவற்றையும் இச்சொல் தழுவி நிற்கும். பட்டம் பெற்றவனாயினும் பண்பற்றவனை ‘எதுகசியோன்’ இல்லாதவன் என்றே கூறுவர். நம் இல்லங்களில் ‘அதபு’ என்கிறோமே, அதற்கு எத்துணை அண்மையானது! (‘நடந்தால் நலம்’ என்ற ஏக்கத்தில் அவர்கள் சொல்லும் ‘ஓஹலா’, அல்லாஹ்வின் நாட்டத்தைக் குறித்த அரபுத் தொடரிலிருந்து வந்ததாகும். முஸ்லிம்கள் ஸ்பெயினில் விட்டுச் சென்றவற்றுள் அதுவும் ஒன்று.)

இவ்வளர்ப்பில் ஊறிய பெண்மணியர் பலர் ஆசிரியையராகும்போது, வீட்டின் வழக்கம் வகுப்பறைக்கும் வந்துவிடுகிறது. மாணவியை ‘மீஹா’, அதாவது ‘என் மகளே’ என்றழைப்பர். பாடத்திற்கு முன் வீட்டு நலனை விசாரிப்பர். தவறியவனைத் தனியே அமர்த்திப் புத்தி கூறுவர். எல்லாரும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா எனப் பூர்விகம் பல, வழக்கங்களும் பல.

இப்பரிவின் அருமையை உணர, அது இல்லாத இடத்தைக் காண வேண்டும். டெக்சாஸ் மாநிலத்து மார்ஃபா ஊரின் பிளாக்வெல் பள்ளியில், 1954ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழிக்கே ‘இறுதிச் சடங்கு’ நடத்தி, பிள்ளைகளைக் கொண்டே தாள்களை மண்ணில் புதைக்கச் செய்தனர். தாய்மொழியைப் புதைத்துவிட்டு வீடு திரும்பும் குழந்தை, தன் தாயின் முகத்தை எவ்வாறு நோக்கும்?

அதே மாநிலத்தின் ஹூஸ்டன் நகர உயர்நிலைப் பள்ளியொன்றை ஆராய்ந்த ஆஞ்செலா வலென்சுவேலா, 1999இல் வெளியிட்ட நூலில் இரு தரப்பு மனக்குறைகளையும் பதிவு செய்தார். ‘இவர்களுக்குப் படிப்பில் அக்கறையில்லை’ என்பது ஆசிரியர் குறை. ‘எங்கள்மீது எவருக்கும் அக்கறையில்லை’ என்பது மாணவர் குறை. முதலில் உறவு, பின்னரே பாடம் என எதிர்பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

ஆயினும், பரிவு மட்டும் போதுமா? ஹொவிதா இதார் என்ற இளம் ஆசிரியை 1903இல் டெக்சாஸின் சிற்றூர்ப் பள்ளியொன்றில் பணியேற்றார். நூல்களும் இருக்கைகளும் போதாத அவலம் கண்டு மனம் வெதும்பி விலகி, தந்தையின் பத்திரிகையில் எழுதலானார். 1911இல் மகளிர் சங்கமொன்றை நிறுவி, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்விக்கு வழி செய்தார். அவரது உருவம் பொறித்த 25 சென்ட் நாணயத்தை அமெரிக்க அரசு 2023இல் வெளியிட்டது.