பட்டாளத்துத் தந்தையார்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருமருங்கும் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் மல்லியும் உண்டு. பொய்த்தால் குண்டாறு மணலாய்க் கிடக்கும். உழவர் கையில் காசில்லையேல் நெசவாளர் சேலையை வாங்குவோர் யார்? காடு காய்ந்தால் தறியும் ஓயும். அத்தகைய நாட்களில் இப்பகுதி இளைஞர் நாடிய வழிகளுள் ஒன்று பட்டாளம். எங்கள் தந்தையாரும் அவ்வழி சென்றவரே.

1964-ஆம் ஆண்டு அவர் குழித்தறியை விட்டெழுந்து, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1962-ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பின் நாட்டின் படைபலம் பெருக்கப்பட்டு வந்த காலம் அது. பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியவை அப்படையின் தொழில்கள். அதன் வீரரைத் ‘தம்பி’ என்றழைப்பது இராணுவ மரபு. 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றுப் போரின்போது, கண்ணிவெடிகள் புதைந்த நிலத்தினூடே இரவில் டாங்கிகளுக்கு வழி திறந்தோருள் இத்தம்பிமாரும் இருந்தனர். அந்நாளில் தாம் மேற்கு எல்லையில் இருந்ததாக மட்டும் தந்தையார் கூறுவார். மேலும் வினவினால், “அறுந்த இழையைப் பிணைக்கிற வேலையைப் பாருங்கள்” என்று தறியைச் சுட்டுவார்.

1981-இல் ஓய்வு பெற்றுத் திரும்பி மீண்டும் தறியில் அமர்ந்தார். குறித்த நாளில் சங்கத்தில் சேலையை ஒப்படைக்க அவர் ஒருமுறையும் தவறியதில்லை.

அவர் மறைந்த பின்னர்தான் அவருடைய பச்சைத் தகரப் பெட்டியைத் திறந்தோம். பதக்கங்களுக்கு அடியில், நிரப்பப்படாத விண்ணப்பத்தாள் ஒன்று இருந்தது. கீழே அவர் கையொப்பம் மட்டும் காணப்பட்டது. கண்டதும் எங்களுக்கு நினைவு வந்தது. படைப் பதிவேட்டில் அன்னையாரின் பெயர் வீட்டில் அழைக்கும் பெயராகவும், குடும்ப அட்டையில் வேறாகவும் இருந்தது. அதைத் திருத்த விண்ணப்பம் எழுதித் தருமாறு அவர் கேட்டிருந்தார். “பொங்கல் கழியட்டும்” என்றோம். பொங்கல்கள் பல கழிந்தன, நாங்கள் எழுதவில்லை.

அதன் பயனாகக் குடும்ப ஓய்வூதியம் வந்து சேர 14 மாதங்கள் ஆயின. அம்மாதங்களில் அன்னையார் எங்களிடம் கைநீட்டவில்லை. தார் சுற்றிய கூலியில் உண்டார். “அவர் பேரால் வருவது வரட்டும்” என்றதே அவர் சொன்ன சொல். அதைவிடக் கடுமையான சொல்லை நாங்கள் கேட்டதில்லை.

அங்கத்தினர்களே! இவ்வட்டாரத்தில் இத்தகைய பெட்டி உள்ள வீடுகள் பல. பெரியவர் உயிரோடிருக்கும்போதே அதைத் திறந்து பாருங்கள். படைவிலகல் புத்தகம், சேவை எண், ஓய்வூதிய ஆணை ஆகியவை உள்ளனவா? மனைவியின் பெயரும் பிறந்த நாளும் எல்லா ஏடுகளிலும் ஒன்றுபோல் உள்ளனவா? வேறுபாடு இருப்பின், விருதுநகரிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகினால் வழி கூறுவர்.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் நாள் கொடிநாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று உண்டியலில் காசிடுதல் நன்று. நம் வீட்டு வீரர் கேட்ட ஒரு கடிதத்தை அவர் கண் முன்னே எழுதிக் கொடுத்தல் அதனினும் நன்று.