ஈரம் காட்டும் கருவி: வாங்குமுன் கேட்க வேண்டியவை

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ம் ஆண்டு ஏ.எஸ்.டி. 16 என்ற நெல் ரகத்தை வெளியிட்டது. இத்தகைய ரகம் ஒன்று ஊருக்குள் வர, ஒருவர் வயலில் அது நன்றாக விளைந்தால் போதும். அடுத்த காருக்குப் பக்கத்து வயல்காரர் ஒரு மூடை விதை கேட்டு வாங்கிக் கொள்வார். அதற்கு அடுத்த போகத்தில் அவரிடமிருந்து மற்றொருவர் வாங்குவார். கம்பெனியோ, ஒப்பந்தமோ நடுவில் தேவைப்படுவதில்லை.

கருவியின் கதை வேறு. ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானி செய்வது ஒன்றோ இரண்டோ மாதிரிகள்தான். அதை ஆயிரக்கணக்கில் செய்யவும், கடைக்கு அனுப்பவும், பழுதானால் சரிசெய்யவும் ஒரு தொழிற்சாலை வேண்டும். ஆகவே பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் கண்டுபிடிப்பைச் செய்து விற்கும் உரிமையைக் கட்டணம் பெற்றுக் கொண்டு கம்பெனிகளுக்கு எழுதித் தருகின்றன. இதையே தொழில்நுட்ப உரிமம் என்கிறார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இப்பணியை வேளாண் வணிக மேம்பாட்டு இயக்ககம் கவனிக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையங்களுக்காக 2011-ல் தனியாக ஒரு நிறுவனமே தொடங்கப்பட்டது.

நம் உழவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய ஓர் உதாரணம், கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி. கையில் பிடிக்கும் அளவான இக்கருவியின் அடியில் இரண்டு கம்பிகள் இருக்கும். அவற்றை மண்ணில் செருகினால் விளக்கு எரியும். நீல விளக்கு எரிந்தால் ஈரம் நிறைய இருக்கிறது, தண்ணீர் தேவையில்லை. பச்சை என்றால் போதுமான ஈரம் உண்டு. உடனே பாய்ச்ச வேண்டியதில்லை. ஆரஞ்சு என்றால் ஈரம் குறைந்துவிட்டது; பாய்ச்சுவது நல்லது. சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும். படிக்கத் தெரியாதவரும் புரிந்து கொள்ளலாம். இணையமும் சிம் கார்டும் வேண்டாம். கரும்புக்கென்று பிறந்தாலும் மற்ற பயிர்களுக்கும் பயன்படும் இக்கருவியைச் செய்து விற்க ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு உரிமம் தரப்பட்டுள்ளது.

புளியறைப் பகுதியில் இத்தகைய கருவிக்கு ஒரு தனி வேலை உண்டு. ஆனி, ஆடியில் சாரல் விழும்போது தோப்பில் மேல்மண் எப்போதும் நனைந்தே தெரியும். ஆனால் தூறல் விரற்கடை ஆழத்துக்கு மேல் இறங்காத நாட்கள் பல. மேலே ஈரத்தைப் பார்த்துத் தண்ணீரை நிறுத்தினால் தென்னையின் வேர் காய்ந்து கிடக்கும். இதற்கு நேர்மாறாக, கோடையில் மேல்மண் வெளுத்துவிட்டதே என்று பயந்து, கீழே ஈரம் இருக்கும்போதே பாய்ச்சுவதும் நடக்கிறது. தென்னையில் தண்டிலிருந்து சுமார் 6 அடி வரையுள்ள வட்டத்தில்தான் உறிஞ்சு வேர்கள் அதிகம். மேல்மண்ணைக் கொத்தி விலக்கி, அந்த வட்டத்துக்குள் மூன்று நான்கு இடங்களில் செருகிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் குத்திப் பார்த்து முடிவு செய்வது சரியன்று.

வண்ணம் காட்டும் கருவி எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் நல்ல சான்று இருக்கிறது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் உருவாக்கிய ‘கமீலியன்’ (பச்சோந்தி) என்ற கருவி நீலம், பச்சை, சிவப்பு என்று ஈரத்தைக் காட்டும். 2013 முதல் தான்சானியா, மொசாம்பிக், ஜிம்பாப்வே நாடுகளின் சிறு விவசாயிகளிடம் இது கொடுத்துப் பார்க்கப்பட்டது. தாங்கள் தேவைக்கு மேல் பாய்ச்சி வந்ததைக் கண்டு அவர்கள் பாசனத் தடவைகளைக் குறைத்தார்கள். விளைச்சல் குறையவில்லை, கூடியது. மிகையான தண்ணீரோடு தழைச்சத்து வேருக்குக் கீழே இறங்கி வீணாவது நின்றது இதற்கு ஒரு காரணம்.

அடுத்த படியாக வருபவை, நிலத்திலேயே புதைந்திருந்து கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவிகள். இவற்றில்தான் சிறு விவசாயி நிதானிக்க வேண்டும். நிலத்திலிருந்து போகும் செய்தி முதலில் கம்பெனியின் கணினிக்குச் சென்று, பிறகே உழவரின் கைபேசிக்கு வருகிறது. ஆண்டுச் சந்தா கட்டவில்லை என்றாலோ, கம்பெனி மூடப்பட்டாலோ, கருவி நன்றாக இருந்தும் ஊமையாகிவிடும். விலையை விசாரிப்பவர்கள் சந்தாவை விசாரிப்பதில்லை. ‘மின்சாரச் செலவு மிச்சம்’ என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். கிணற்று நீரும் ஆள் கூலியும் எவ்வளவு மிஞ்சும் என்று மட்டும் கணக்குப் பார்க்க வேண்டும்.

மலையடிவாரத் தோப்புகளுக்கு இவற்றில் உடனே பலன் தரக்கூடியது கைபேசியால் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர்தான். யானையும் காட்டுப்பன்றியும் இறங்கும் பகுதியில், இருட்டிய பின் டார்ச் விளக்கோடு மோட்டார் அறைக்கு நடப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அந்த நடையை மிச்சப்படுத்தினாலே விலைக்குத் தகும். வேளாண் பொறியியல் துறை இதற்கு மானியம் வழங்கி வந்துள்ளது. தொகையும் விதிகளும் மாறக்கூடியவை. ஆகையால் வாங்குமுன் துறை அலுவலகத்தில் கேட்டுக் கொள்ள வேண்டும், வாங்கிய பின் அல்ல.

கடையில் கேட்க வேண்டியது இன்னும் உண்டு. சில ஸ்டார்ட்டர்கள் பழைய 2ஜி அலைவரிசையில் மட்டுமே இயங்கும். 2ஜி சேவையே இல்லாத கம்பெனியின் சிம்மை அதில் போட்டால் வேலை செய்யாது. எந்தக் கம்பெனி சிம்முக்கு மோட்டார் அறைக்குள் சிக்னல் கிடைக்கிறது என்பதை அங்கேயே நின்று, கதவைச் சாத்திக் கொண்டு பேசிப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சிம் அணைந்துவிடும். ஒரு முனை மின்சாரம் போனாலோ, கிணற்றில் தண்ணீர் வற்றினாலோ மோட்டார் தானே நிற்கும் வசதி அதில் உண்டா என்பதும் முக்கியம். இல்லையேல் வீட்டிலிருந்தபடியே மோட்டாரை எரித்துவிட நேரும்.

ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைச் சொல்லி விற்கப்படும் எந்தக் கருவியானாலும் உரிமக் கடிதத்தைக் காட்டும்படி கேட்கலாம். இதில் கூச்சம் வேண்டாம். பழுது பார்ப்பவர் தென்காசியிலோ செங்கோட்டையிலோ இருக்கிறாரா, கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும்.

நெல்லுக்கு இத்தனையும் தேவையில்லை. ஓர் அடி நீளக் குழாய்த் துண்டு போதும். விட்டம் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். கீழ்ப்பாதியைச் சுற்றித் துளையிட்டு, அப்பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் இறக்கி, உள்ளிருக்கும் சேற்றை எடுத்துவிட வேண்டும். நட்டு இரண்டு வாரம் கழித்து, குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இம்முறையில் 30 சதவீதம் வரை தண்ணீர் மிஞ்சும். இதற்கு யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. குழாய் வேலை செய்பவரிடம் மிஞ்சும் துண்டே போதுமானது.

ஈரங்காட்டியைத் தனியாக ஒருவர் வாங்குவதைவிட உழவர் குழுவில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். தினமும் பயன்படும் பொருள் அல்லவே. புதிதாக வாங்கியதும் முதல் பருவத்தில், விளக்கு எரிந்த இடத்திலேயே ஒரு கை மண்ணைத் தோண்டி எடுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். சிவப்பு எரியும் இடத்து மண் உருண்டையாகப் பிடிபட்டு, விரலில் ஈரம் ஒட்டினால், கருவியை விற்றவரிடம் திருப்பிக் காட்ட வேண்டும்.