வியாபாரம் நடக்கிறது, காசு எங்கே?
சொந்தத் தொழில் செய்யும் பெண்களுக்குச் சில யோசனைகள்

வீட்டில் இருந்தபடியே தொழில் செய்யும் பெண்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ஒருவர் முறுக்கு சுடுகிறார். ஒருவர் இட்லி மாவு அரைத்து விற்கிறார். ஒருவர் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். இன்னொருவர் பூ கட்டுகிறார்.

சரக்கு நன்றாக இருக்கிறது. வாங்குகிறவர்களும் தேடி வருகிறார்கள். காலை முதல் இரவு வரை கை ஓய்வதில்லை.

ஆனால், மாதக் கடைசியில் பணம் போட்ட டப்பாவைத் திறந்தால் ஒன்றும் இல்லை! அடுத்த வாரத்துக்கு அரிசி வாங்கப் பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்க வேண்டியிருக்கிறது.

"வியாபாரம் நன்றாகத்தானே நடக்கிறது? பணம் எங்கே போயிற்று?" என்று அவர்கள் திகைக்கிறார்கள்.

பணத்தை யாரும் திருடிவிடவில்லை. பெரும்பாலும் அது இரண்டு வழிகளில் கரைந்து போகிறது. விலை போடும்போது சொந்த உழைப்புக்குக் கூலி சேர்ப்பது இல்லை. இது முதல் வழி. தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. இது இரண்டாவது வழி.

இந்த இரண்டையும் அடைத்துவிட்டால், பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

முறுக்குக் கணக்கு

ஓர் உதாரணம் பார்க்கலாம். விலைவாசி ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முறுக்கு சுடும் பெண் ஒருவர், ஒரு நாளைக்கு 4 கிலோ அரிசியும் 1 கிலோ உளுந்தும் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசிக்கு 200 ரூபாய். உளுந்துக்கு 140 ரூபாய். எண்ணெய்க்கு 300 ரூபாய். எள், சீரகம், வெண்ணெய், உப்பு எல்லாம் சேர்த்து 60 ரூபாய். மொத்தம் 700 ரூபாய்.

கால் கிலோ பாக்கெட்டாக 25 பாக்கெட் தேறுகிறது. ஒரு பாக்கெட் 50 ரூபாய். எல்லாம் விற்றால் 1,250 ரூபாய்.

"700 ரூபாய் போட்டேன். 1,250 ரூபாய் வந்தது. 550 ரூபாய் லாபம்!" என்று அந்தப் பெண் மகிழ்ச்சி அடைகிறார்.

அது சரிதானா?

மாவு மில்லில் அரைத்த கூலி 40 ரூபாய். காஸ் செலவு 100 ரூபாய். பிளாஸ்டிக் பையும் சீட்டும் 60 ரூபாய். கொண்டு போய்க் கொடுக்கப் பஸ் கட்டணம் 40 ரூபாய். இந்த 240 ரூபாயை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அதையும் சேர்த்தால் செலவு 940 ரூபாய். மிச்சம் 310 ரூபாய்தான்.

கூலி எங்கே?

இன்னும் ஒரு செலவு இருக்கிறது. அதுதான் பெரிய செலவு. அதை யாரும் எழுதுவதே இல்லை.

விடியற்காலையில் எழுந்து மாவு பிசைந்து, அடுப்பின் சூட்டில் நின்று, முறுக்கு பிழிந்து, ஆறவைத்துப் பாக்கெட் போட ஏழு மணி நேரம் ஆகிறது. அந்த உழைப்புக்குக் கூலி வேண்டாமா?

இதே வேலையை ஒரு பலகாரக் கடையில் போய்ச் செய்தால், நாளைக்கு 400 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்தபோது மிஞ்சியது 310 ரூபாய்.

ஆக, 550 ரூபாய் லாபம் என்று நினைத்த இடத்தில், உண்மையில் 90 ரூபாய் நஷ்டம்! அந்த நஷ்டத்தை அந்தப் பெண்ணின் உடம்பு தாங்குகிறது. அதனால்தான் வெளியே தெரியவில்லை.

அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். கூலி கொடுக்கக் கணக்கில் இடம் இல்லை. தொழில் அன்றே நின்றுவிடும்.

விலையை 60 ரூபாய் ஆக்கினால், வரவு 1,500 ரூபாய். செலவு 940. கூலி 400. மீதி 160 ரூபாய். இதுதான் உண்மையான லாபம்.

கடையில் கொடுத்து விற்றால், கடைக்காரருக்கும் பங்கு உண்டு. பாக்கெட்டுக்கு 5 ரூபாய் அவர் எடுத்துக்கொண்டால், 125 ரூபாய் போய்விடும். லாபம் 35 ரூபாயாகச் சுருங்கும். ஆகவே, கடைக்குக் கொடுக்க ஒப்புக்கொள்ளும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

"விலையை ஏற்றினால் வாங்க மாட்டார்களே?" என்ற பயம் இருக்கும். பயம் நியாயமானதுதான். அப்படியானால் செலவைக் குறைக்க வழி தேட வேண்டும். அரிசியையும் உளுந்தையும் மூட்டையாக வாங்கினால் விலை குறையும். நாலு பேர் சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது. எதைக் குறைத்தாலும் கூலியை மட்டும் குறைக்கக் கூடாது.

தையல் வேலைக்கும் இதே கணக்குத்தான். நூல், ஊக்கு, லைனிங் துணி, கரண்ட், மெஷின் பழுது பார்க்கும் செலவு, இவற்றோடு தைக்கும் நேரத்துக்கும் காசு உண்டு.

இரண்டு டப்பா

வீட்டில் இரண்டு டப்பா வையுங்கள். ஒன்று தொழில் டப்பா. மற்றது வீட்டு டப்பா.

விற்ற பணம் முழுவதும் தொழில் டப்பாவுக்குப் போக வேண்டும். சரக்கு வாங்கும் பணமும் அதில் இருந்துதான் வர வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம், அந்த வாரக் கூலியை எண்ணி எடுத்து வீட்டு டப்பாவில் போடுங்கள். குடும்பச் செலவு அதில் இருந்துதான் நடக்க வேண்டும்.

பிள்ளைக்கு நோட்டு வாங்க வேண்டுமா? வீட்டு டப்பா. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டுமா? வீட்டு டப்பா. தொழில் டப்பாவைத் தொடக் கூடாது.

அவசரத்துக்குத் தொட்டே ஆக வேண்டும் என்றால், "வீடு வாங்கிய கடன்" என்று எழுதி வையுங்கள். அடுத்த வாரக் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள்.

லாபத்தில் ஒரு பகுதி தொழில் டப்பாவிலேயே இருக்கட்டும். கிரைண்டர் கல் தேயும். மெஷின் பழுதாகும். அன்றைக்கு அது கை கொடுக்கும்.

இப்போது பலர் செல்போன் மூலம் பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பணம் யார் கணக்கில் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். கணவர் கணக்கிலோ மகன் கணக்கிலோ விழுந்தால், பெண்ணுக்குத் தன் வியாபாரமே தெரியாமல் போய்விடும். தன் பெயரில் பாங்கிக் கணக்கு தொடங்கி, அந்தக் கணக்குக்கு உரிய அட்டையையே கடையில் மாட்ட வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

கணக்கு எழுதப் பெரிய படிப்பு தேவை இல்லை. எழுத்துக் கூட்டி எழுதத் தெரிந்தால் போதும்.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். தேதி, வரவு, செலவு, வர வேண்டிய பாக்கி. ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி எழுதுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் மறந்துவிடும்.

எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லலாம். பிள்ளைக்கும் கணக்கு வரும்!

80 ரூபாயில் தொடங்கிய தொழில்

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் நினைக்கலாம். நடந்த கதை ஒன்று இருக்கிறது.

1959-ம் ஆண்டு மார்ச் மாதம் 15-ந் தேதி. பம்பாயில் கிர்காவ் பகுதியில் ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடி. அங்கே ஏழு பெண்கள் கூடி அப்பளம் இட்டார்கள். முதல், கடன் வாங்கிய 80 ரூபாய்! முதலில் செய்தது நான்கே பாக்கெட்.

நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பது இல்லை என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

தொடக்கத்தில் உயர்ந்த ரகம், மலிவு ரகம் என்று இரண்டு வகை செய்தார்கள். அவர்களுக்கு வழி காட்டிய பெரியவர் இரண்டு யோசனைகள் சொன்னார். தரத்தில் ஒருபோதும் இறங்கக் கூடாது. கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும். இந்த இரண்டையும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் வந்தது. அப்பளம் காயவில்லை. நான்கு மாதம் வேலை நின்றது. அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம். கட்டிலுக்குக் கீழே அடுப்பு. மழையிலும் அப்பளம் காய்ந்தது!

அதுதான் இன்று நாடு எங்கும் விற்கும் 'லிஜ்ஜத்' அப்பளம். அந்த ஏழு பெண்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-ம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அங்கே ஒரு முறை இருக்கிறது. அப்பளம் இடும் பெண்ணுக்கு, இட்ட எடைக்குத் தக்கபடி முதலில் கூலி கிடைத்துவிடும். லாபத்தில் பங்கு தனி. அங்கே எல்லாப் பெண்களும் முதலாளிகள்தான். ஆனாலும், கூலி வேறு, லாபம் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். முறுக்கு சுடுகிறவருக்கும் மாவு அரைக்கிறவருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

கடன் கொடுப்பதும் வாங்குவதும்

தெரிந்தவர்கள், உறவினர்கள், பக்கத்து வீட்டார். இவர்களுக்குக் கடன் இல்லை என்று சொல்ல வாய் வராது. அதனால் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். "பழைய பாக்கியைக் கொடுத்தால்தான் புதுச் சரக்கு" என்பதைச் சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லுங்கள். ஒருவருக்குத் தளர்த்தினால் மற்றவருக்கும் தளர்த்த வேண்டி வரும்.

கல்யாண வீட்டுக்குப் பெரிய ஆர்டர் வந்தால், பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

தொழிலுக்குக் கடன் வாங்க வேண்டும் என்றால், கந்து வட்டிக்காரரிடம் போகாதீர்கள். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டி என்றால், 10 ஆயிரம் ரூபாய்க்கு மாதம் 1,000 ரூபாய். ஒரு வருடத்தில் வட்டி மட்டும் 12 ஆயிரம் ரூபாய்! வட்டி முதலை மிஞ்சிவிட்டது. முதல் அப்படியே நிற்கிறது. கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது.

வேறு வழிகள் இருக்கின்றன. மகளிர் சுய உதவிக் குழுவில் சேரலாம். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1989-ம் ஆண்டில் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய முத்ரா திட்டத்தின்படி, 'சிசு' என்ற பிரிவில் 50 ஆயிரம் ரூபாய் வரை பாங்கியில் கடன் கேட்கலாம். நகையோ நிலமோ ஈடு வைக்கத் தேவை இல்லை.

பாங்கிக்குப் போகும்போது அந்தக் கணக்கு நோட்டையும் எடுத்துப் போங்கள். ஆறு மாத வரவு செலவு எழுதிய நோட்டு, தொழில் உண்மையாக நடக்கிறது என்று காட்டும்.

பதிவு செய்யுங்கள்

தின்பண்டம் விற்கிறவர்கள், வீட்டில் செய்து விற்றாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு எண் 14 இலக்கம் கொண்டது. அதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். என்ன பொருள் சேர்த்திருக்கிறது, எடை எவ்வளவு, எந்தத் தேதியில் செய்தது, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், யார் செய்தது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

சிறு தொழில்களுக்கு 'உத்யம்' என்ற பதிவு 2020-ம் ஆண்டு ஜூலை மாதம் முதல் இருக்கிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. "பதிவு செய்து தருகிறேன், இத்தனை ஆயிரம் கொடு" என்று யாராவது கேட்டால் ஏமாறாதீர்கள்.

வீட்டார் கவனத்துக்கு

பல வீடுகளில், பெண் செய்யும் தொழிலைப் பொழுதுபோக்கு என்றே நினைக்கிறார்கள். பிழிந்து வைத்த முறுக்கை வந்தவர் போனவருக்கு எல்லாம் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். டப்பாவில் இருக்கும் பணத்தைக் கேட்காமல் எடுக்கிறார்கள்.

அந்தப் பணம் நாளைக்கு வாங்க வேண்டிய அரிசி. அதை எடுத்தால், நாளை மறுநாள் அடுப்பு எரியாது. கணவரும் மாமியாரும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொண்டால், அதுவே பெரிய உதவி.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். இன்றைக்குச் செய்த சரக்கின் செலவை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். காஸ், பஸ், பை எதையும் விடாதீர்கள். கடைசி வரியில் உங்கள் கூலியை எழுதுங்கள். எல்லாவற்றையும் கூட்டி, அதற்குப் பிறகு விலை போடுங்கள்.