ஊமையான பொம்மைக்கு மீண்டும் குரல்

நாள்தோறும் குரலெழுப்பி வந்த கரடிப் பொம்மை ஒன்று திடீரென ஊமையாகிவிட்டால், பெரியவர்கள் வேறொரு பொம்மையை வாங்கித் தந்து குழந்தைக்கு ஆறுதல் கூற முற்படுவர். குழந்தையோ அதனை எளிதில் ஏற்பதில்லை. தன்னோடு உறங்கி, தன் கைபட்டு நைந்த பொம்மையே அதற்கு வேண்டும். ஆதலின், பொம்மையை விட்டுவிடாமல் அதன் குரலை மட்டும் சீர்செய்வது எவ்வாறு என்பதையும், அதில் மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கை யாது என்பதையும் காண்போம்.

பொம்மையைப் பேசவைக்கும் முயற்சி புதிதன்று. 1890ஆம் ஆண்டில் எடிசன், மெழுகு உருளையில் பதிந்த சிறு பாட்டை ஒலிக்கும் பொம்மையை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் பொறி விரைவிற் பழுதுற்றமையால், சில வாரங்களிலேயே விற்பனை நின்றது. பொம்மை நலமாயிருக்கக் குரல் முதலிற் கெடுவது அன்றுதொட்டே உள்ள குறை எனலாம்.

பஞ்சு பொதிந்த பொம்மைகளின் குரல் பெரும்பாலும் இருவகைப்படும். முதலாவது காற்றினால் எழுவது. ஹார்மோனியத்தில் துருத்தியின் காற்று ரீடை அதிரச் செய்வதைப் போன்றே இதுவும் இயங்குகிறது. அமுக்கினால் ‘கீச்’ என்பதும், சாய்த்து நிமிர்த்தினால் உறுமுவதும் இவ்வகையே. உறுமும் பொம்மையின் உள்ளே ஓர் உருளையும், அதனுள் துருத்தியை அழுத்தும் எடையும் உள்ளன. துருத்தி கிழிந்தாலும், துளைகளைப் பஞ்சு அடைத்தாலும் ஒலி நின்றுவிடும். இரண்டாவது மின்கலத்தால் இயங்குவது. சிறு மின்னணுத் தகடு, ஒலிபெருக்கி, அமுக்கும் விசை, பொத்தான் போன்ற மின்கலங்கள் ஆகியன இதன் உறுப்புக்கள். குரல் மெலிந்தோ கரகரத்தோ ஒலித்தால், மின்கலம் தீர்ந்து வருகிறதென ஐயுறலாம்.

பாட்டனாரோ தொலைவிலுள்ள தந்தையோ பேசிப் பதிந்த குரல் அதில் இருக்குமாயின், அது சிறிதேனும் ஒலிக்கும்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளல் வேண்டும். தகட்டையே மாற்ற நேர்ந்தால் பழைய குரல் அதனுடன் போய்விடும். வேறு தகடு வாங்கலாம், அந்தக் குரலை வாங்க இயலாது.

மின்கலங்களுக்குத் தனி மூடி இருப்பின் அதன் வழியே மாற்றலாம். இல்லையேல், முதுகுப்புறத் தையலைச் சிறிதளவு பிரித்துப் பெட்டியை வெளியே எடுக்க வேண்டும். எடுக்குமுன் அது எத்திசை நோக்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்க. மின்கலம் கசிந்து உலோக முனைகளில் வெண்மையோ பச்சையோ படிந்திருந்தால், கையுறை அணிந்து, பழைய கலங்களை அகற்றிய பின், எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, ஈரம் போக உலர்த்துக. பின்னர் அதே அளவுள்ள புதிய கலங்களை, நேர்முனை எதிர்முனை பிறழாமல் பொருத்துக. அறுந்த கம்பியைப் பற்றவைக்க வானொலி பழுதுபார்ப்பவரை நாடலாம். மீண்டும் வைக்கும்போது ஒலித்துளைகள் துணியை நோக்கியிருக்க வேண்டும். பிரித்த இடத்தை வலிய நூலால் நெருக்கித் தைத்து, இழுத்துப் பார்த்த பின்னரே குழந்தையிடம் தருக.

இனி, தலையாய எச்சரிக்கை. விழுங்கப்பட்ட பொத்தான் மின்கலம் உணவுக்குழாயில் தங்கினால், அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து கடுங்காரத்தைத் தோற்றுவிக்கும். இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக் கூடும். தீர்ந்துபோன கலமும் இவ்வாறு தீங்கு செய்யவல்லது. விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தி வருவிக்க முயலாமல், உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் குழந்தையைக் கொண்டு செல்க.

நம் நாட்டில் 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. ஆயின் அம்முத்திரை, விற்கப்பட்ட நிலையிலுள்ள பொம்மைக்கே உரியது. நாம் தனியே வாங்கி உள்ளே வைத்துத் தைக்கும் குரற்பெட்டிக்கு அது பொருந்தாது. அப்பொழுது பாதுகாப்பின் பொறுப்பு முழுவதும் தைத்தவரையே சாரும். ஆதலின் திருகாணியால் மூடப்படும் பெட்டியையே தேர்ந்து, அதனைத் தடித்த பருத்திப் பையில் இட்டுத் தைத்துப் பின்னர் உள்ளே வைக்க வேண்டும். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்கு மின்கலமற்ற துருத்திக் குரலே ஏற்றது. அதையும் அவ்வாறே பையிலிட்டுத் தைத்தல் நன்று. நம்பத்தக்க பெட்டி கிடைக்கும்வரை பொம்மை ஊமையாகவே இருப்பினும் குறையில்லை. குழந்தை அதற்காகத் தானே பேசிக்கொள்ளும்.